இரண்டாம் எண் பொத்தான்

மரியே வாழ்க

கும்மிடிப்பூண்டி,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

என் அன்பு ஏஞ்சலின் அக்காவுக்கு,

உன் தங்கை விக்டோரியா எழுதிக்கொள்வது. அம்மாவின் முழங்காலையும் அப்பாவின் இடது காதையும் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் "சூப்பரா இருக்கேன்டி" என்பாய். போன மாதம் வீடியோவில் அப்படிச் சொன்னபோது நீ இடுப்பில் பெல்ட் கட்டியிருந்ததைப் பார்த்தேன். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி வந்த வலிதானே?

கையெழுத்துக் கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேச முடியாததால்தான் எழுதுகிறேன். அம்மா உன் அழைப்பை ஸ்பீக்கரில்தான் போடுவாள் என்பது உனக்கே தெரியும். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு ஞாயிறுதோறும் மணவாள நகர் அத்தையும் அந்த அழைப்பில் சேர்ந்துகொள்கிறார். உன் மாமியாராக வரப்போகிறவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, என் ரேங்கைத் தவிர நான் வேறு என்ன சொல்ல முடியும்? அதனால் மீஞ்சூர் அருணா அக்காவைப் பிடித்தேன். லீவு முடிந்து அவர் சனிக்கிழமை இரவு குவைத் திரும்புகிறார். உன் அறைத்தோழி ஆயிற்றே, கேட்டதும் சரி என்றார். "கருவாட்டு பார்சலோட வெச்சி எடுத்துக்கினு போறேன், நாறுனா உங்கக்கா என்ன திட்டக்கூடாது" என்றார். நாறினால் எனக்காகப் பொறுத்துக்கொள்.

இன்று காலைப் பூசையில் உன் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். இந்தப் பங்கைச் சேர்ந்த அந்தோணி, கங்கம்மா ஆகியோரின் மகள் ஏஞ்சலினுக்கும், மணவாள நகர் யேசுதாசின் மகன் தானியேலுக்கும் என்று சாமியார் படித்தபோது அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எத்தனையோ பேரின் ஓலையைக் கேட்டிருக்கிறேன், ஆனால் அதன் கடைசி வாக்கியத்தை இன்றைக்குத்தான் கவனித்தேன். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். தெரிவிக்கலாம் என்று இல்லை, அக்கா. கடமை என்று இருக்கிறது. படித்து முடித்ததும் அவர் கொஞ்சம் நிறுத்துவார் இல்லையா, அந்த நேரத்தில் ஜி.என்.டி. ரோட்டு லாரி ஹாரன் மட்டும் உள்ளே கேட்டது. பிறகு காணிக்கைப் பாட்டு ஆரம்பமாகிவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு இதையே வாசிப்பார்கள்.

அது இருக்கட்டும். நீ எனக்குக் கொடுத்த வேலைக்கு வருகிறேன்.

வண்டி என்ற பேச்சை முதலில் எடுத்தது நீதான். போன கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோது மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாய். "நான் மொத்தமா திரும்பி வந்து திருவள்ளூர்ல ஒரு ஆஸ்பத்திரில சேந்துக்குவேன் விக்கி. நைட் டூட்டி முடிஞ்சி பஸ்ஸுக்கு நிக்கமாட்டேன். நானே வண்டி ஓட்டிக்கினு வருவேன். பெட்ரோல் அதிகம் குடிக்காத ஹைப்ரிட்டா ஒண்ணு பாரு." நீ சேர்த்ததெல்லாம் அதற்குத்தான். அப்புறம் உன் கல்யாணம் கூடி வந்தது. வண்டியும் கல்யாணத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மணவாள நகர்க்காரர்கள் எதுவும் கேட்கவில்லை என்று அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்கிறாள். பொய் இல்லை. "நாங்க ஒண்ணும் கேக்கல. உங்க பொண்ணுக்கு நீங்க செய்றீங்க. செய்றத பேர் சொல்ற மாதிரி செஞ்சிடுங்க" என்று மட்டும்தான் அத்தை சொன்னார். பேர் சொல்கிற வண்டி எது என்பதற்கு ஒரு படமும் அனுப்பினார். அது சிவப்பு. நீ எனக்கு அனுப்பிய படத்தில் இருந்தது வெள்ளை.

புத்தகம் படிக்கிறவள் நான்தான் என்று, இரண்டையும் நேரில் பார்த்துவிட்டு எது நல்லதென்று என்னைச் சொல்லச் சொன்னாய். ஆகவே இரண்டு கம்பெனிகளின் விளக்கப் புத்தகத்தையும் சிறிய எழுத்து உட்பட வாசித்துவிட்டேன். வேதியியல் பரீட்சைக்குக்கூட இப்படி வாசித்ததில்லை.

இரண்டும் ஒரே இனம். கார் போலத் தாழ்ந்தும் இல்லை, ஜீப் போல முரடாகவும் இல்லை. நம் சந்தில் திரும்புகிற அளவுக்குச் சின்னவை. பெட்ரோல் எஞ்சினோடு ஒரு மின்மோட்டாரும் உண்டு, ஆனால் சார்ஜ் போட வேண்டியதில்லை. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற ஆற்றலை பேட்டரியில் பிடித்துவைத்து, மெதுவாகப் போகும்போது செலவழிக்கும். ஆற்றல் அழிவதில்லை என்று இயற்பியல் பாடத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். இப்போதுதான் நம்பினேன்.

வெள்ளையை நேற்று செங்குன்றத்தில் பார்த்தோம், அப்பாவும் நானும். பூமிகா என்று ஒரு அக்கா காட்டினார். அப்பாவை ஓட்டுகிற இருக்கையில் உட்காரவைத்து பொத்தானை அழுத்தச் சொன்னார். அப்பா அழுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினார். கேட்கவில்லை. ரோலிங் மில் சத்தத்தில் போன காதுதானே காரணம் என்று நினைத்து நான் கூர்ந்து கேட்டேன், எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது தடவையும் அழுத்திவிட்டு, "இன்னாம்மா, புது வண்டிலயே பேட்டரி டவுனா?" என்றார். அந்த அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, "மொதல் தடவையே ஸ்டார்ட் ஆயிடுச்சு சார். ரெண்டாவது தடவ நீங்க ஆஃப் பண்ணிட்டீங்க" என்றார். அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சத்தம் நின்றால் இயந்திரம் நின்றுவிட்டது என்று அர்த்தம் கொண்டு இத்தனை வருடம் மில்லில் வேலை பார்த்தவர் அல்லவா?

வண்டி நகர்ந்தபோது மட்டும் வெளியே 'ம்ம்ம்' என்று மெல்லிய ஒலி ஒன்று வந்தது. அது எஞ்சின் இல்லையாம். சத்தமில்லாமல் வந்தால் நடந்துபோகிறவர்களுக்குத் தெரியாதே, அவர்கள் விலகுவதற்காக வண்டியே எழுப்புகிற ஒலியாம். அப்பா அதை ரொம்ப ரசித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "சத்தமே காட்டாம இன்னா வேல செய்து பாரு. நம்ம ஏஞ்சலினு மாதிரி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதன் பின்கதவு அகலமாகத் திறக்கிறது. அம்மா முழங்காலை மடக்கி நுழைய அந்த அகலம் போதும். பின்னால் சாமான் வைக்கிற இடம் உன் இரண்டு பெட்டிகளையும் விழுங்கிவிடும். இருக்கை துணிதான், தோல் இல்லை. உள்ளே தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் 'டக் டக்' என்கிறது. ரோட்டில் போனால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உள்ளதைச் சொல்கிறேன்.

பிறகு நானும் ஓட்டுகிற இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். உன் பச்சைச் சுடிதார் இப்போது எனக்கு மடித்துத் தைக்காமலே சரியாக இருக்கிறது, தெரியுமா? நீயும் நானும் ஒரே உயரம் ஆகிவிட்டோம். உட்கார்ந்ததும் ஸ்டியரிங் வளையத்தின் நடுவே வானம்தான் தெரிந்தது. பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதை இழுத்து இழுத்து விட்டால் அடிபம்பில் தண்ணீர் இறைப்பதுபோல் இருக்கை கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிறது. சாலை முழுவதும் தெரிந்ததும் நிறுத்தினேன். உனக்கும் அங்கேதான் நிறுத்த வேண்டியிருக்கும்.

சிவப்பைப் பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை.

நேற்று உள்ளூர் விடுமுறை. சிவப்பு வண்டியின் ஷோரூம் அம்பத்தூர் பக்கம். மணவாள நகரிலிருந்து தானியேல் மாமா, அவர் அப்பா, அத்தை மூவரும் வந்திருந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்ததால் இங்கிருந்து அப்பாவும் நானும்தான் போனோம்.

அந்த வண்டி அழகாக இருக்கிறது, அக்கா. மாதுளையை உடைத்தது போன்ற சிவப்பு. கதவைச் சாத்தினால் கெட்டி அட்டைப் புத்தகத்தை மூடுவதுபோல் மெத்தென்று ஒரு சத்தம். கூரையில் கண்ணாடி இருக்கிறது, உட்கார்ந்தபடியே மேகம் பார்க்கலாம். கதவோரங்களில் விளக்குக் கோடு ஓடுகிறது, அதன் நிறத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். தோல் இருக்கையில் உட்கார அப்பா தயங்கினார். பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்.

ஆனால் விளக்கப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எஞ்சின் பற்றிய எண்கள் இருக்கின்றன. வெள்ளையின் எண்களும் இவையும் ஒன்றே. விற்பனைக்காரர் விமல் என்பவரிடம் கேட்டேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ரெண்டும் ஒரே எஞ்சின்தாம்மா. இது மேக்கப் போட்டுக்கினு வருது" என்றார். பின்னிருக்கையில் என் முழங்கால் முன்னிருக்கையில் இடித்தது. சாமான் இடமும் குறைவு. அதை நான் சொன்னபோது அத்தை, "பின்னாடி யாரு குந்தப்போறாங்க? முன்னாடி பாக்க எப்படி இருக்குது, அத பாரு" என்றார்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

அந்த வண்டியின் ஓட்டுநர் கதவில் சின்னச் சின்னப் பொத்தான்கள் இருக்கின்றன. இருக்கையை நமக்குத் தோதான இடத்தில் வைத்துவிட்டு, 'செட்' அழுத்தி ஒன்று என்பதை அழுத்தினால் வண்டி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். இன்னொருவர் ஓட்டிவிட்டுப் போன பிறகு ஒன்றை அழுத்தினால் போதும், இருக்கையும் கண்ணாடிகளும் நம் அளவுக்குத் தாமே வந்து நிற்கும். அப்படி இரண்டு பேரை நினைவில் வைக்கும். இரண்டே பேர்தான். விமல் தானியேல் மாமாவை உட்காரவைத்து ஒன்றில் அவர் அளவைப் பதிந்து காட்டினார். "ரெண்டாவது யாருக்கு சார்?" என்றார். தானியேல் மாமா யோசிப்பதற்குள் அத்தை, "இன்னா கேள்வி இது? ஒண்ணு புள்ளைக்கு, ரெண்டு அவங்க நைனாவுக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவருடைய இடது பக்கம் நின்று பேசியதால் அவருக்குக் கேட்டிருக்காது. எல்லோரும் சிரித்ததால் சிரித்தார்.

பிறகு அவர்களைக் காபி குடிக்க அழைத்துப் போனார்கள். எனக்குக் காபி வேண்டாம் என்று அங்கேயே நின்றுகொண்டேன். விமல் என்னைப் பார்த்து, ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறாயா என்று கேட்டார். உட்கார்ந்தேன். முன்னால் தள்ளி, மேலே உயர்த்தி, செங்குன்றத்தில் எப்படிச் சாலை தெரிந்ததோ அப்படித் தெரியும்வரை சரிசெய்தேன். 'செட்' அழுத்தி இரண்டை அழுத்தினேன். டிங் என்றது. "இது யாரோட அளவும்மா?" என்றார். "எங்க அக்காவோடது. அவங்கதான் வண்டி வாங்குறாங்க" என்றேன். "ஓ, மேடம்தான் ஓட்டுவாங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார். இந்த வண்டிப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

காபி குடித்துவிட்டு யேசுதாஸ் மாமா நேராக வந்து ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தார். அவர் உடம்பு உனக்குத் தெரியுமே, நிச்சயதார்த்தத்தில் நாற்காலி மாற்றிப் போட்டார்களே! இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளிக்கொண்டு, "எங்க, என் நம்பர அமுக்கு பாக்கலாம்" என்று தாமே இரண்டை அழுத்திவிட்டார். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருக்கை சத்தமே இல்லாமல் முன்னால் நகர ஆரம்பித்தது. நகர்ந்துகொண்டே உயர்ந்தது. மாமாவின் வயிறு ஸ்டியரிங்கில் போய் அழுந்தியது. தலை கூரையைத் தொட்டது. "டேய்! இன்னாடா இது, நெருக்குது! நிறுத்துடா! தானியேலு!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். விமல் ஓடி வந்து விடுவித்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். இதை நீ படித்து ஒரு தடவையாவது சிரிக்க வேண்டும். இதற்குப் பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை.

யார் இந்த அளவை வைத்தது, சின்னப்பிள்ளை விளையாட்டா என்று அத்தை கேட்டார். அக்கா அளவு அத்தை என்றேன். அவர் கோபப்படவில்லை. என் கன்னத்தைத் தட்டி, சிரித்துக்கொண்டே சொன்னார். "அவளுக்கு எதுக்கும்மா இதுல எடம்? அவ இன்னும் அஞ்சு வர்சம் அங்கதான இருக்கப்போறா. லீவுல வந்தா இவன் கூட்டிக்கினு சுத்துவான்."

அப்பா என் பக்கம் குனிந்து, "இன்னா சொன்னாங்க விக்கி?" என்றார்.

அவருக்குக் கேட்க வேண்டுமானால் உரக்கத்தான் சொல்ல வேண்டும், உனக்குத் தெரியும். ஒரு சொல்லையும் மாற்றாமல், கூட்டாமல், குறைக்காமல் அவருடைய வலது காதருகே சொன்னேன். ஷோரூம் முழுக்கக் கேட்டது. அத்தை சொன்னபோது அது சாதாரணப் பேச்சாக இருந்தது. நான் திரும்பச் சொன்னபோது அத்தைக்கே முகம் மாறிவிட்டது.

கல்யாணம் ஆனதும் வேலையை விட்டு வந்துவிடுவேன் என்றுதானே பெண் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அப்பா கேட்டார். "அங்க வர்ற சம்பளத்த உட்டுட்டு வந்து இங்க இன்னா வாங்கப்போறா? டப்பு இன்னா மரத்துலயா காய்க்குது? ஊடு மேல மாடி எடுக்கணும்னு இருக்கறோம்" என்றார் அத்தை. யேசுதாஸ் மாமா பேச்சை மாற்றி, இன்றைக்கே பதிந்துவிட்டால்தான் கல்யாணத்துக்குள் வண்டி வரும் என்று அவசரப்படுத்தினார்.

அப்பா, "பொண்ண கேட்டுட்டு சொல்றேன்" என்றார்.

"வண்டி ஓட்டத் தெரியாத பொண்ணையா?" என்று அத்தை சிரித்தார்.

"கத்துக்கும்" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேசினார்.

தானியேல் மாமாவைப் பற்றியும் நியாயமாக எழுத வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். அப்பாவுக்கு பஸ்ஸில் இடம் பிடித்து உட்காரவைத்தார். பஸ் கிளம்புவதற்கு முன் நான் இறங்கிப் போய், அக்கா திரும்பி வரப்போவது உங்களுக்குத் தெரியும்தானே என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பேசிக்கலாம் விக்கி. இப்ப எதுக்கு பேஜாரு?" என்றார். தெரியாது என்று சொல்லவில்லை. தன் அம்மா சொன்னது தப்பு என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த பதிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் உன்னை எங்கேயும் காணோம்.

சனிக்கிழமை காலை.

அருணா அக்கா மதியம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சீக்கிரம் முடிக்கிறேன்.

அம்மா சொல்வதையும் நீ கேட்க வேண்டும். "ஓலை வாசிச்சாச்சு. ஊரு காதுல உழுந்தாச்சு. இதுக்கு மேல நின்னா அவள இன்னான்னு பேசுவாங்க? பையன் குடிக்கறானா, அடிக்கறானா? ஒரு வண்டிக்கோசரம் எவனாவது கல்யாணத்த நிறுத்துவானா?" என்கிறாள். உனக்கு இதையெல்லாம் எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் செய்து கொடுக்கவில்லை. இன்று காலை கருவாட்டைக் கட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "எழுதி முடிச்சிட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். கடிதம் நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறையைத் தேடி எடுத்து வந்து என் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

நேற்று மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் சாமியாரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். ஓலையில் சொல்கிற தடை என்பதில் எதெல்லாம் அடங்கும் என்று. ஏற்கெனவே கல்யாணமானவர், நெருங்கிய இரத்த உறவு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "எல்லாத்துக்கும் மேல, பொண்ணு முழு மனசோட சம்மதிக்கலேன்னா அது கல்யாணமே இல்ல" என்றார். அதைத் தங்கை வந்து சொல்லலாமா என்றேன். "கூடாது. பொண்ணு வாயாலதான் வரணும். ஆமா, யாருக்காக கேக்கற?" என்றார். பொது அறிவுக்கு சாமி என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஆகவே என் கடமையை உன்னிடமே சேர்க்கிறேன். நீ எது நல்ல வண்டி என்று கேட்டாய். என் பதில் வெள்ளை. எஞ்சின் ஒன்றுதான் என்பதால் மட்டும் இல்லை. சாமான் இடத்துக்காகவும் அம்மாவின் முழங்காலுக்காகவும் மட்டும்கூட இல்லை. வெள்ளை வண்டி யாரையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. யார் உட்காருகிறார்களோ அவர்கள் தம் கையால் இழுத்துத் தமக்கு ஏற்றபடி உயர்த்திக்கொள்ள வேண்டும். சிவப்பு வண்டி இரண்டு பேரை நினைவில் வைக்கும். அந்த இரண்டு பேரையும் அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். நான் பதிந்துவைத்த உன் அளவை விமல் அங்கேயே அழித்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, மாமா மாட்டிக்கொண்ட பிறகு வேறு என்ன செய்வார்?

ஆனால் உனக்குத் தானியேல் மாமாவைப் பிடித்திருக்கலாம். நீங்கள் இருவர் மட்டும் பேசிக்கொள்வது எனக்குத் தெரியாது. இன்னும் ஐந்து வருடம் என்பது உனக்கு முன்பே தெரிந்து, நீ சரி என்று சொல்லியும் இருக்கலாம். அப்படியானால் நான் எழுதியதையெல்லாம் பிளஸ் ஒன் படிக்கிற ஒருத்தியின் அதிகப்பிரசங்கம் என்று கிழித்துப் போட்டுவிடு. உன் கல்யாணத்தில் உனக்குப் பின்னால் நின்று முந்தானையைப் பிடித்துக்கொள்வேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். நான் சொன்னால் செய்வேன் என்பது உனக்குத் தெரியும்.

அப்படி இல்லையானால், இதைக் கேள். நாளை காலை இரண்டாவது ஓலை வாசிப்பார்கள். நாளை மாலை நீ போன் செய்வாய். அதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் இருக்கும். ஸ்பீக்கர் போட்டிருக்கும், அத்தையும் இருப்பார். உன்னால் அப்போது எதுவும் பேச முடியாது, பேசவும் வேண்டாம். நான் வழக்கம்போல் என் ரேங்கைச் சொல்லிவிட்டு, "அக்கா, எந்த வண்டிக்கா?" என்று கேட்பேன். நீ ஒரு நிறத்தைச் சொன்னால் போதும்.

சிவப்பு என்றால், அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலைக்கு நான் முன்வரிசையில் அம்மாவோடு உட்காருவேன். வெள்ளை என்றால், மூன்றாம் ஓலை வாசிக்க விடாமல் அப்பாவும் நானும் சாமியாரிடம் போய் நிற்போம். நீ அவரிடம் போனில் ஒரே ஒரு தடவை பேசினால் போதும். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊரையும் பார்த்துக்கொள்கிறேன். ஊர் என்ன பேசினாலும் ஷிப்ட் சங்கு ஊதினால் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள்.

'உங்கள் இஷ்டம்' என்று மட்டும் சொல்லிவிடாதே. நர்சிங் சேர்ந்ததிலிருந்து நீ எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிவருகிறாய். சத்தமே இல்லாத வண்டிகூட மெதுவாக நகரும்போது, எதிரில் இருக்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று ஒரு ஒலி எழுப்புகிறது, அக்கா. நீ அந்த அளவுக்காவது எழுப்ப வேண்டும்.

உன் இடுப்பு வலி சீக்கிரம் குறையட்டும். மாதா உன்னைத் தன் மேலாடைக்குள் வைத்துக்கொள்ளட்டும். கருவாட்டை அருணா அக்காவுக்கும் கொடு.

அப்பா கடைசியில் கொஞ்சம் இடம் விடச் சொன்னார். விட்டிருக்கிறேன். அவர் எழுதப்போவதை நான் படிக்கக்கூடாதாம், ஒட்டி மட்டும் தர வேண்டுமாம்.

உன் உயரத்திலேயே இருக்கும்
உன் தங்கை,
விக்டோரியா.

மகள் ஏஞ்சலினுக்கு அப்பா எழுதுவது. நீ எந்த கலர் சொன்னாலும் எனக்கு சம்மதம். ஸ்பீக்கரில் எனக்கு சரியாக கேட்காது, கொஞ்சம் சத்தமாக சொல். பஜார் டிரைவிங் ஸ்கூலில் உன் பேரை கொடுத்து இருக்கிறேன். போட்டோ கேட்கிறார்கள், வரும்போது எடுத்துக்கொண்டு வா. ரிட்டன் டிக்கெட் போடாதே.